பாய்மரமும் கயிறும்

வரதய்யபாளையத்தின் வழியே செல்லும் காளத்திச் சாலை கிழக்கே தடாவைச் சென்றடைகிறது. தடாவுக்கு அப்பால் பழவேற்காடு ஏரி விரிந்து கிடக்கிறது. குளிர்காலத்தில் பூநாரைகளைக் காண்பதற்காக அங்குச் செல்வோர் பலர். அவ்வேரியின் தென்பகுதியில், தமிழ்நாட்டின் எல்லைக்குள், பழவேற்காடு என்னும் ஊர் உள்ளது. 1613ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் அங்கு ஒரு கோட்டையைக் கட்டினர். ஏரிக்கு வடக்கே, இன்றைய திருப்பதி மாவட்டக் கடற்கரையில், துகராசப்பட்டினம் உள்ளது. சென்னையில் கோட்டை எழுவதற்கு முன்பே, 1626ஆம் ஆண்டில், ஆங்கிலேயர் அங்கு வாணிகச் சாவடி அமைத்தனர்.

அக்காலத்தில் இத்துறைகளுக்கு எதிரே பாய்மரக் கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றன. பெரிய கப்பல் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான கயிறுகள் இருந்தன. இன்று பழவேற்காட்டில் ஒல்லாந்தரின் கல்லறைகள் நிற்கின்றன. கல்லில் செதுக்கிய எழுத்துகளையும் படிக்க முடிகிறது. ஆனால், அக்கப்பல்களில் இருந்த கயிறு ஒன்றேனும் எஞ்சவில்லை.

கல் பல நூற்றாண்டுகள் நிற்கும். நல்ல மரமும் சில நூற்றாண்டுகள் தாங்கும். வெயிலிலும் மழையிலும் உப்புக் காற்றிலும் கிடக்கும் நார்க்கயிறு சில ஆண்டுகளிலேயே நைந்துவிடும். ஆகையால், பழைய கப்பல் ஒன்று அழியும்போது முதலில் மறைவது அதன் கயிறுகளே. அவற்றோடு, எந்தக் கயிறு எங்கிருந்து எங்குச் சென்றது என்னும் அறிவும் மறைகிறது. அவ்வறிவைக் காத்து வரும் வழிகளுள் ஒன்று, மரத்தால் சிறு கப்பல் செய்து அதற்கு முறைப்படி கயிறு கட்டுவது.

திருகோணமலை என்னும் கப்பல்

இந்தியாவில் கட்டப்பட்டு இன்றும் நீரில் மிதக்கும் பழைய போர்க்கப்பல் ஒன்று உண்டு. அதன் பெயர் ‘டிரிங்கோமாலி’. திருகோணமலை என்னும் தமிழ் ஊர்ப்பெயரையே ஆங்கிலேயர் அவ்வாறு ஒலித்தனர். பிரித்தானியக் கடற்படைக்காக மும்பையில் வாடியா குடும்பத்தாரின் மேற்பார்வையில் இக்கப்பல் கட்டப்பட்டது. நெப்போலியனோடு நிகழ்ந்த நீண்ட போரினால் இங்கிலாந்தில் கப்பல் கட்டுவதற்கு ஏற்ற கருவாலி மரம் குறைந்துபோயிற்று. ஆகவே, தேக்கு கிடைக்கும் இந்தியாவில் கப்பல்கள் கட்டப்பட்டன. தேக்கில் இயற்கையாக உள்ள எண்ணெய்ப் பசை மரத்தை உளுத்துப் போகாமல் காக்கிறது. அதில் அறைந்த இரும்பும் விரைவில் துருப்பிடிப்பதில்லை.

1817ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் டிரிங்கோமாலி நீரில் இறக்கப்பட்டது. 1819இல் அது இங்கிலாந்தைச் சென்றடைந்தது. அதற்குள் பெரும்போர் முடிந்துவிட்டதால் கப்பலுக்கு வேலையில்லை. பல ஆண்டுகள் துறைமுகத்தில் ஓய்வில் கிடந்தது. பின்னர் மேற்கிந்தியத் தீவுகளிலும் பசிபிக் கடலிலும் பணியாற்றியது. அதன்பின் பயிற்சிக் கப்பலாக நெடுங்காலம் இருந்தது. இறுதியில் இங்கிலாந்தின் ஆர்ட்டில்பூல் நகருக்குக் கொண்டு வரப்பட்டு, 1990 முதல் 2001 வரை பழுதுபார்க்கப்பட்டது. ஐரோப்பாவில் இன்றும் நீரில் மிதக்கும் போர்க்கப்பல்களுள் மிகப் பழையது இதுவே.

பழுதுபார்த்தவர்கள் ஓர் உண்மையைக் கண்டனர். கப்பலின் உடலில் பாதிக்கு மேற்பட்ட மரம், மும்பையில் பொருத்திய அதே தேக்காக இருந்தது. ஆனால், முதன்முதலில் கட்டிய கயிறுகள் இல்லை. அவற்றைப் பழைய வரைபடங்களையும் நூல்களையும் கொண்டே மீண்டும் அமைக்க வேண்டியிருந்தது. டேவிட் ஸ்டீல் என்பவர் 1794ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியிட்ட நூல் ஒன்று, அக்காலக் கப்பல்களின் கயிறுகளையும் அவற்றின் பருமனையும் அட்டவணையாகத் தருகிறது. இத்தகைய கப்பலுக்கு மாதிரி செய்பவர்கள் இன்றும் அந்நூலை நாடுகின்றனர்.

அளவைச் சுருக்குதல்

மாதிரிக் கப்பல் விளையாட்டுப் பொருளன்று. அது ஓர் அளவுக் கணக்கு. டிரிங்கோமாலியின் பீரங்கித் தளம் ஏறத்தாழ 46 மீட்டர் நீளமுடையது. கப்பலின் அகலம் ஏறத்தாழ 12 மீட்டர். மாதிரி செய்பவர் 64இல் ஒரு பங்கு என்னும் அளவைத் தேர்ந்தெடுத்தால், தளத்தின் நீளம் 72 சென்டிமீட்டராகவும் அகலம் 19 சென்டிமீட்டராகவும் சுருங்கும். 170 சென்டிமீட்டர் உயரமுள்ள மாலுமி, அவ்வளவில் 2.7 சென்டிமீட்டர் உயரமே இருப்பான்.

கயிற்றையும் இவ்வாறே சுருக்க வேண்டும். பழங்காலக் கப்பற்கயிறுகளைச் சுற்றளவால் அளந்தனர். ஒரு கயிற்றின் சுற்றளவு 22 சென்டிமீட்டர் எனக் கொள்வோமாயின், அதன் விட்டம் 7 சென்டிமீட்டர், அதாவது 70 மில்லிமீட்டர். அதனை 64ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.1 மில்லிமீட்டர் வரும். சுற்றளவு 5.5 சென்டிமீட்டர் உள்ள மெல்லிய கயிறு, மாதிரியில் 0.3 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைந்த நூலாகிவிடும். எல்லாக் கயிறுகளுக்கும் ஒரே நூலைப் பயன்படுத்தினால் கப்பல் உண்மையானதாகத் தோன்றாது. காரணம் தெரியாதவர் கண்ணுக்கும் ஏதோ குறை இருப்பது புலப்படும்.

கடையில் விற்கும் தையல் நூலில் மெல்லிய பிசிறுகள் நீட்டிக்கொண்டிருக்கும். சிறிய கப்பலில் அப்பிசிறுகள் புல் முளைத்தாற்போலத் தோன்றும். ஆதலால், நூலைத் தேன்மெழுகுக் கட்டியின்மீது இழுத்துப் பிசிறை அடக்குவர். தேர்ந்தவர்கள் கயிற்றைத் தாமே திரித்துக்கொள்கின்றனர். முறை எளியது. மூன்று புரிகளையும் தனித்தனியே ஒரே திசையில் முறுக்க வேண்டும். பின்னர் மூன்றையும் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்க வேண்டும். தனிப்புரி பிரிய முயலும்போது மொத்தக் கயிறு இறுகும். மொத்தக் கயிறு பிரிய முயலும்போது தனிப்புரி இறுகும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் கயிறு அவிழ்வதில்லை. தென்னை நாரைக் கையாலும் இராட்டாலும் திரிக்கும் கடலோர ஊர்களில் இந்த உண்மை எழுதப்படாமலே பல தலைமுறைகளாக அறியப்பட்டிருந்தது.

நிலைக்கயிறும் இயங்குகயிறும்

கப்பலின் கயிறுகள் பார்வைக்குச் சிலந்திவலைபோல் குழப்பமாகத் தோன்றும். உண்மையில் அவை இரண்டே வகையின. பாய்மரத்தை அசையாமல் நிறுத்துவது நிலைக்கயிறு. பாயையும் பருமலையும் ஏற்றவும் இறக்கவும் திருப்பவும் உதவுவது இயங்குகயிறு. பருமல் என்பது பாய்மரத்தின் குறுக்கே தொங்கும் நீண்ட மரம். பாய் அதிலிருந்து தொங்கும்.

நிலைக்கயிறு எப்போதும் ஒரே இடத்தில் வெயிலிலும் மழையிலும் நிற்பது. எனவே, அதற்குக் கீல் பூசுவர். அது கருநிறமாக இருக்கும். இயங்குகயிறு நாள்தோறும் கப்பிகளின் வழியே ஓடுவது. அது மென்மையாக வளைய வேண்டும். ஆகவே, நாரின் வெளிர்நிறத்திலேயே இருக்கும். மாதிரிக் கப்பலிலும் இவ்விரு நிறங்களைக் காட்டினால், பார்ப்பவர் ஒரே நோக்கில் இருவகையையும் பிரித்தறியலாம்.

சாலை திரும்பும் இடத்தில் நிற்கும் மின்கம்பத்தைக் கண்டவர்க்கு நிலைக்கயிற்றின் வேலை எளிதில் விளங்கும். மின்கம்பிகள் ஒருபுறம் இழுப்பதால் கம்பம் அப்புறம் சாயாதிருக்க, மறுபுறம் ஓர் இழுகம்பியைத் தரையில் பிணைத்திருப்பர். பாய்மரத்தையும் காற்று ஒருபுறம் தள்ளுகிறது. அத்துடன் அலையில் கப்பல் ஆடும்போது பாய்மரமும் எல்லாப் பக்கமும் ஆட முயல்கிறது. அதனால், முன்னே ஒரு தடித்த கயிறும், இருபக்கங்களிலும் வரிசையாகப் பல கயிறுகளும், பின்னே சில கயிறுகளும் அதனைப் பிடித்திழுக்கின்றன. பாயில் நிறையும் காற்று பெரும்பாலும் பின்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் வருவதால், பக்கக் கயிறுகள் பாய்மரத்திற்கு நேர்ப்பக்கத்தில் மட்டுமன்றிச் சற்றுப் பின்தள்ளியும் கட்டப்படுகின்றன.

வரிசைமுறை

டிரிங்கோமாலியில் மூன்று பாய்மரங்கள் உள்ளன. முகப்பில், முன்னோக்கிச் சாய்ந்து நீளும் மரம் ஒன்றும் உண்டு. ஒவ்வொரு பாய்மரமும் ஒரே மரமன்று. ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திய மூன்று பகுதிகளால் ஆனது.

கயிறு கட்டும் வேலையில் வரிசைமுறை மிக முதன்மையானது. முதலில், பாய்மரத்திலும் பருமலிலும் வரவேண்டிய சிறு கப்பிகளையெல்லாம் மேசைமீது வைத்தே கட்டிவிடுவர். பாய்மரத்தைக் கப்பலில் நிறுத்திக் கயிறுகள் கட்டிய பின்னர் விரல் உள்ளே நுழையாது. நீண்ட இடுக்கியும் வளைந்த ஊசியுமே நுழையும்.

அடுத்துப் பக்கக் கயிறுகள். ஒரு நீண்ட கயிற்றை இரண்டாக மடித்து, மடிப்பில் ஒரு வளையம் அமையுமாறு கட்டி, அவ்வளையத்தைப் பாய்மரத்தின் தலையில் மாட்டுவர். அதன் இரு முனைகளும் கப்பலின் ஒரே பக்கத்தில் இறங்கும். முதல் இணையை வலப்பக்கத்தில் மாட்டினால் அடுத்த இணையை இடப்பக்கத்தில் மாட்ட வேண்டும். இவ்வாறு மாறிமாறி ஏற்றுவர். ஒருபக்கம் முழுவதையும் முதலில் கட்டி இறுக்கினால் பாய்மரம் அப்பக்கம் சாய்ந்துவிடும். பக்கக் கயிறுகளின் வளையங்கள் எல்லாம் ஏறிய பின்னரே, முன்னோக்கி இழுக்கும் தடித்த கயிற்றின் வளையம் அவற்றின்மேல் அமரும்.   மாதிரியிலும் நல்ல கைவினைஞர் இவ்வரிசையை மாற்றுவதில்லை.

பக்கக் கயிற்றின் கீழ்முனையில் ஒரு வட்டக் கட்டை கட்டப்பட்டிருக்கும். அதில் மூன்று துளைகள் உண்டு. அதற்கு நேர்கீழே, கப்பலின் பக்கத்தில் இரும்பால் பிணைத்த மற்றொரு கட்டை உண்டு. அதிலும் மூன்று துளைகள். ஒரு சிறு கயிறு மேலும் கீழும் ஆறுமுறை அத்துளைகளின் வழியே சென்று இரண்டையும் இணைக்கும். அச்சிறு கயிற்றை இழுத்தால் பெருங்கயிறு இறுகும், தளர்த்தினால் தளரும். நார்க்கயிறு நனைந்தால் சுருங்கும், காய்ந்தால் நெகிழும். புதிய கயிறோ நாளாக நாளாக நீளும். ஆகவே, இறுக்கத்தைச் சரிசெய்யும் வழி இன்றியமையாதது.

மாதிரியில் இவ்வட்டக் கட்டைகள் பயற்றின் அளவே இருக்கும். மேற்கட்டைகள் யாவும் ஒரே நேர்வரிசையில் நிற்க வேண்டும். ஒன்று உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும் நின்றால் கண்ணை உறுத்தும். இதற்காக மாதிரி செய்பவர், ஒரு கம்பியின் இருமுனைகளையும் வளைத்து ஓர் அளவுகோல் செய்துகொள்கிறார். ஒரு முனையைக் கீழ்க்கட்டையிலும் மறுமுனையை மேற்கட்டையிலும் செருகினால், எல்லா இணைகளுக்கும் இடைவெளி ஒன்றாகவே அமையும். பெரிய கருவி தேவையில்லை. ஒரே அளவைத் திரும்பத் திரும்பக் காக்கும் பொறுமையே தேவை.

ஏணிப்படிகள்

மாலுமிகள் மேலே ஏறுவதற்காகப் பக்கக் கயிறுகளின் குறுக்கே மெல்லிய கயிறுகளைக் கட்டியிருப்பர். அவையே படிகள். உண்மைக் கப்பலில் இரு படிகளுக்கிடையே ஏறத்தாழ 35 முதல் 40 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். மாதிரியில் அது ஏறத்தாழ 6 மில்லிமீட்டர். ஒரு படி, தான் கடக்கும் ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் ஒரு முடிச்சால் பிணைக்கப்படும். கயிற்றைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி, முனையை இரண்டாம் சுற்றின் அடியில் செருகி இழுப்பதே அம்முடிச்சு.

ஒரு பக்கத்தில் 8 பக்கக் கயிறுகளும் 40 படிகளும் இருப்பின் 320 முடிச்சுகள் இட வேண்டும். இருபக்கமும் சேர்த்து 640. இவ்வாறு மூன்று பாய்மரங்களுக்கும் இட்டால் எண்ணிக்கை ஆயிரத்தை எளிதில் தாண்டும். பல நாள் மாலைப்பொழுதுகள் இதிலேயே கழியும். இங்கே அவசரப்படுபவர் செய்யும் தவறு ஒன்று உண்டு. முடிச்சைச் சற்று மிகுதியாக இழுத்தால் பக்கக் கயிறுகள் ஒன்றையொன்று நெருங்கி, இடையில் இடுப்புபோல் ஒடுங்கிவிடும். ஆதலால், சில படிகள் முடிந்தவுடன் சற்றுத் தொலைவில் நின்று பார்த்துக் கயிறுகள் நேராக உள்ளனவா என அறிந்து தொடர்கின்றனர். கோணியவற்றை அவிழ்த்து மீண்டும் கட்டுகின்றனர்.

இயங்கும் கயிறுகள்

நிலைக்கயிறுகள் முடிந்த பின்னர் இயங்குகயிறுகளின் முறை. பருமலையும் பாயையும் மேலேற்றும் கயிறு ஆஞ்சான் எனப்படும். பாயின் கீழ்மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறு தாமான் எனப்படும். பருமலின் இருமுனைகளிலிருந்தும் வரும் கயிறுகள், காற்று வீசும் திசைக்கேற்ப அதனை இடமும் வலமும் திருப்பும். பாயைச் சுருக்கி மேலே தூக்குவதற்கு வேறு கயிறுகள் உண்டு.

பாரமான பருமலை மனிதர் சிலர் எவ்வாறு தூக்கினர்? கப்பியே விடை. பாரத்தோடு சேர்ந்து அசையும் ஒரு கப்பியின் வழியே கயிறு சென்றால், பாதி விசையே போதும்; ஆனால், இருமடங்கு நீளத்தை இழுக்க வேண்டும். கப்பிகளைக் கூட்டினால் விசை இன்னும் குறையும். கயிற்றின் நீளம் மிகும். கப்பல்களில் இத்துணை நீளமான கயிறுகள் இருந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

ஒவ்வோர் இயங்குகயிறும் இறுதியில் தளத்தின் ஓரத்திலோ பாய்மரத்தின் அடியிலோ உள்ள ஒரு முளைக்கு வந்து சேரும். முளையில் கயிற்றை எட்டு என்னும் எண்வடிவில் சுற்றிக் கட்டுவர். மிச்சத்தைச் சுருளாக்கி அதன்மேல் தொங்கவிடுவர். எந்தக் கயிறு எந்த முளைக்கு உரியது என்பது முன்பே வரையறுக்கப்பட்டது. நிலவில்லா இரவில் புயல் எழும்போது விளக்கேற்றித் தேடுவதற்கு நேரமிராது. தலைவன் கயிற்றின் பெயரைச் சொன்னதும் மாலுமியின் கை உரிய முளைக்குச் செல்ல வேண்டும். தவறான கயிற்றை அவிழ்த்தால் பருமல் கீழே விழும், உயிர்ச்சேதமும் நேரும்.

மாதிரியில் இவ்வுண்மைகள் பிழையைக் கண்டுபிடிக்கவும் உதவுகின்றன. ஓர் இயங்குகயிறு மற்றொரு கயிற்றில் உராய்ந்து செல்லுமாயின், அதன் வழி தவறு என்று பொருள். உண்மைக் கப்பலில் அது சில நாளில் தேய்ந்து அறுந்திருக்கும். பாய் கட்டாத மாதிரியில் மேற்பருமல்கள் உச்சியில் நிற்பதும் ஒரு பிழையே. பாய் விரிக்கும்போதுதான் அவற்றை மேலேற்றுவர். பாய் சுருட்டியிருக்கும்போது அவை தாழ்ந்தே இருக்கும். ஒவ்வொரு கயிற்றிடமும் மூன்று வினாக்களைக் கேட்டால் போதும்: அது எங்கே தொடங்குகிறது? எதன் வழியே செல்கிறது? எங்கே முடிகிறது? விடை கிடைக்காத கயிற்றைக் கட்டாமல் விட்டு, மீண்டும் வரைபடத்தைப் பார்ப்பதே நல்ல கைவினைஞரின் பழக்கம்.

கயிற்றுக்குப் பெயர்

தமிழில் கயிற்றுக்கு அதன் வேலையைக் கொண்டு பெயர் அமைவதுண்டு. கிணற்றில் நீர் இறைப்பது தாம்பு. தேரை இழுப்பது வடம். காளையின் மூக்கில் இருப்பது மூக்கணாங்கயிறு. வில்லில் இருப்பது நாண். ‘கயிறு கொண்டு வா’ என்பதைவிட ‘தாம்பு கொண்டு வா’ என்றால் வேலையும் உடன் விளங்கிவிடுகிறது. கப்பலிலும் இவ்வாறே. பெயர் இல்லாத கயிற்றுக்கு ஆணையிட முடியாது.

கப்பற்சொற்கள் துறைமுகம்தோறும் பயணம் செய்தவை. கப்பலைத் திருப்பும் சுக்கான் என்னும் சொல் அரபு மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. நங்கூரம் பாரசீகச் சொல்லோடு உறவுடையது. கட்டுமரம் என்னும் தமிழ்ச்சொல் ‘கேட்டமரான்’ என ஆங்கிலத்திற்குச் சென்றது. தென்னை நாரைக் குறிக்கும் ‘காயர்’ என்னும் ஆங்கிலச் சொல், கயிறு என்பதற்கு இனமான மலையாளச் சொல்லிலிருந்து பிறந்தது. ஒரே தளத்தில் வேலை செய்த பல நாட்டு மாலுமிகள் ஒருவர் சொல்லை மற்றவர் கற்றனர். வேற்றிடம் சென்ற சொல், பேசுவோர் இருந்தமையால் அங்கும் வாழ்ந்தது.

அன்னபூரணி அம்மாள்

தமிழர் கட்டிய கப்பல் ஒன்றின் வரலாறும் இங்கே நினைக்கத்தக்கது. யாழ்ப்பாணத்தின் வடகரையில் வல்வெட்டித்துறை என்னும் ஊர் உள்ளது. அங்கே 1930ஆம் ஆண்டில் ‘அன்னபூரணி அம்மாள்’ என்னும் இரண்டு பாய்மரக் கப்பல் கட்டப்பட்டது. அதன் நீளம் 89 அடி. சிறு படகொன்றில் உலகைச் சுற்றி வந்த வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர் அக்கப்பலைக் கண்டு விரும்பி வாங்கினார். தம் மனைவியின் பெயரை அதற்குச் சூட்டினார். 1937இல் வல்வெட்டித்துறையிலிருந்து புறப்பட்ட கப்பல், சூயசுக் கால்வாயையும் மத்தியதரைக் கடலையும் கடந்து, அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி, 1938ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் அமெரிக்காவின் குளோசுடர் துறைமுகத்தை அடைந்தது. அதனைச் செலுத்திச் சென்றவர்களுள் வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகளும் இருந்தனர்.

அம்மாலுமிகள் கயிறுகளின் அட்டவணையைப் படித்துக் கற்றவர்கள் அல்லர். கப்பல் தலைவனாகிய தண்டையலின் ஆணையைக் கேட்டும், மூத்தோரின் கையைப் பார்த்தும் கற்றனர். தூத்துக்குடியிலிருந்து இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிச் சென்ற தோணிகளிலும் இவ்வாறே அறிவு கைமாறியது. அத்தோணிகள் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதி வரை பாய் விரித்துச் சென்றன. இன்று அவற்றை இயந்திரம் செலுத்துகிறது. இயந்திரம் வந்ததால் பயணம் விரைவாயிற்று. காற்றுக்குக் காத்திருக்கும் துன்பமும் நீங்கிற்று. ஆனால், ஆஞ்சானை இழுக்கும் கை ஓய்ந்தபோது ஆஞ்சான் என்னும் சொல்லும் அகராதிக்குள் ஒதுங்கிற்று.

டிரிங்கோமாலிக்கு ஓர் அட்டவணை இருந்தது. அதனால், கயிறு அழிந்த பின்னரும் மீண்டும் கட்ட முடிந்தது. தோணியில் பணியாற்றிய முதியோர் சிலரின் நினைவில் இன்னும் பல கயிறுகளும் அவற்றின் பெயர்களும் உள்ளன. அவர்களிடம் கேட்டு எழுதி, அளவெடுத்து, ஒரு சிறு தோணிக்காவது முறைப்படி கயிறு கட்டி வைத்தால், அதுவே பின்வருவோர்க்கு அட்டவணையாகும்.

அருஞ்சொற்பொருள்

சாவடி – வாணிகர் தங்கிச் சரக்கு வைக்கும் இடம்
புரி – கயிற்றின் ஓர் இழை
கீல் – மரத்திற்கும் கயிற்றுக்கும் பூசும் கரிய பசை
பருமல் – பாய்மரத்தின் குறுக்குமரம்
ஆஞ்சான் – பாயை மேலேற்றும் கயிறு
தாமான் – பாயின் கீழ்மூலைக் கயிறு
முளை – கயிற்றைக் கட்டும் சிறு கழி
தண்டையல் – பாய்மரக் கப்பலின் தலைவன்

பயிற்சி

அ. விடை எழுதுக.

1. பழைய கப்பலில் கயிறு முதலில் மறைவது ஏன்?
2. நிலைக்கயிற்றுக்கும் இயங்குகயிற்றுக்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டு கூறுக.
3. பக்கக் கயிறுகளை வலமும் இடமுமாக மாறிமாறிக் கட்டுவதன் காரணம் யாது?
4. ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு முளை வரையறுக்கப்பட்டிருந்தது. அதனால் விளைந்த பயன் யாது?

ஆ. கணக்கிடுக.

ஒரு கயிற்றின் சுற்றளவு 11 சென்டிமீட்டர். 64இல் ஒரு பங்கு அளவுள்ள மாதிரியில் அதன் விட்டம் எத்தனை மில்லிமீட்டர்?

இ. செய்து பார்க்க.

களிமண் கட்டியில் ஒரு பென்சிலைத் தளர்வாக நிறுத்துக. அதன் உச்சியில் ஒரு நூலைக் கட்டி ஒருபுறம் இழுத்துப் பிணைத்துப் பார்க்க. பின்னர் இரண்டு, மூன்று, நான்கு நூல்களால் பிணைத்துப் பார்க்க. எல்லாத் திசையிலும் சாயாமல் நிற்பதற்குக் குறைந்தது எத்தனை நூல்கள் தேவைப்பட்டன? காரணத்தை ஐந்து வரிகளில் எழுதுக.

ஈ. கேட்டு எழுதுக.

வீட்டில் உள்ள பெரியோரிடம் அவர்கள் ஊரில் வழங்கும் கயிற்றுப் பெயர்களைக் கேட்டறிந்து, ஒவ்வொன்றின் வேலையையும் எதிரே எழுதுக. அப்பொருளைத் தெலுங்கில் எவ்வாறு வழங்குகின்றனர் என்பதையும் அறிந்து சேர்க்க.